அறியாதிருக்கும் உரிமைக் காப்புக் குழு

என்னை மக்கள்தொகையின் மாதிரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன். ஐம்பதை நெருங்கும் வரை என்னை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் நடந்தால், ஓடுகிறவர்களின் சட்டைகளைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்துவார்கள். மெத்தைக் கடை வேலைகூட, வருவதாகச் சொன்ன ஆள் வராமல் போனதால் கிடைத்ததுதான். இன்றைக்கும் முதலாளிக்குக் கோபம் வந்தால் அந்த வராத ஆளைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். அப்படிப்பட்ட என்னை, ஊரில் இத்தனை லட்சம் பேர் இருக்க, ஒரு கணினி கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்திருந்தது.

“கண்ணை மூடிக்கிட்டு எடுத்தா இப்படித்தான் கிடைக்கும்,” என்றாள் மனைவி.

தொலைபேசியில் பேசிய பெண் விஷயத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்திருந்தாள். குடும்பம் குடும்பமாக இறங்கி வருகிற சில மரபணுக் கோளாறுகள் இருக்கின்றன. அவை உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நம் மக்களில் எத்தனை பேரிடம் அவை இருக்கின்றன என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்காக நிறுவனம் ஆயிரம் பேரிடம் ரத்தம் எடுக்கிறது. அந்த ஆயிரம் பேரில் நானும் இருக்கிறேன்.

இவ்வளவிலும் என் காதில் தங்கியது ‘பரம்பரை’ என்ற ஒரு சொல்தான். எங்கள் பரம்பரையை ஒரு பெரிய நிறுவனம் ஆராயப்போகிறது என்று கடையில் எல்லாரிடமும் சொன்னேன். வீட்டில் மறுபடி சொன்னபோது மனைவி காய்கறி நறுக்குவதை நிறுத்தவில்லை.

“பிள்ளை குட்டி இல்லாத வீடு. உங்க பரம்பரை உங்களோட நிக்குது. அவங்க வந்து பார்க்கிறதுன்னா சீக்கிரம் பார்த்துக்கட்டும்.”

நிறுவனம் ஒரு புதிய கட்டடத்தில் இருந்தது. சுழலும் கதவு, முகம் தெரியும் தரை, வரவேற்பறையில் ‘உங்கள் ரத்தம், நம் எண்’ என்று எழுதிய பெரிய பலகை. உள்ளே போகிறவர்கள் அடையாளம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்பது ஆய்வின் முதல் விதி. என்னை அடையாளம் இல்லாதவனாக ஆக்குவதற்காக என் அடையாள அட்டையை நான்கு மேசைகளில் வாங்கிப் பார்த்தார்கள். கடைசி மேசையில் ஒரு சங்கேத எண்ணைக் கொடுத்து, இனிமேல் இந்தக் கட்டடத்துக்குள் என் பெயரை நானே நினைக்காமல் இருப்பது நல்லது என்றார்கள். நான் ரொம்பவும் ஒத்துழைக்கிற ஆள். வெளியே வரும்போது வாசலில் காவலாளி பெயர் கேட்டபோது சட்டென்று வாயில் வரவில்லை.

ரத்தம் எடுத்த பெண் நல்ல மாதிரி. வலிக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பரிவில் உருகிப்போய் நானாகப் பேச்சைத் தொடங்கினேன்.

“எங்க அம்மாவுக்குக்கூட…”

அவள் ஊசியை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“சொல்லாதீங்க சார். குடும்ப விவரம் எதுவும் எங்க காதுல விழக் கூடாது. சாம்பிள் கெட்டுப்போயிடும்.”

“இல்லம்மா, அவங்களுக்கு வந்தது இந்த நோய்தான். அதனால உங்களுக்கு உபயோகமா இருக்குமேன்னு…”

“எங்களுக்கு வேண்டியது எதுவும் தெரியாத ஒரு சாதாரண ஆளு. உங்களை அப்படித்தான் எடுத்திருக்கோம். தயவுசெஞ்சு அப்படியே இருங்க.”

வாழ்நாள் முழுக்க நான் பெற்றிருந்த தகுதி அது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். அம்மா நாற்பத்துமூன்று வயதில் மார்பில் கட்டி வந்து போய்விட்டாள். அம்மாவின் அக்கா அதற்கும் சில வருடம் முன்னால், அதே நோயில். பெரியம்மாவுக்கு அது வந்ததற்குக் காரணம் அவளுடைய கோபம் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு வந்தபோது, கோபத்தையெல்லாம் உள்ளேயே அடக்கி வைத்ததுதான் காரணம் என்றார்கள். எப்படி இருந்தாலும் குற்றம் அவர்களுடையதாக இருந்தது. அதனால் வேறு எதையும் யோசிக்க வேண்டிய தேவை எங்களில் யாருக்கும் வரவில்லை. எனக்கு ஒரே தங்கை. அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு.

சில மாதம் கழித்து முடிவை அறிவிக்கும் விழாவுக்கு அழைப்பு வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மாதிரிகள் உட்கார அரங்கத்தின் ஒரு பக்கம் நாற்காலிகள் போட்டு, முன்னால் ஒரு கறுப்புத் துணித் தடுப்பு கட்டியிருந்தார்கள். யார் மாதிரி என்று மற்றவர்களுக்குத் தெரியக் கூடாதாம். தடுப்புக்குப் போகும் வழி மேடையைத் தாண்டிப் போனது. நாங்கள் ஒவ்வொருவராக மேடை ஓரமாக நடந்து போனபோது புகைப்படக்காரர் எல்லாரையும் எடுத்துக்கொண்டார்.

இயக்குநர் பேசினார். நல்ல உயரம், கணீர் என்ற குரல்.

“ஆயிரம் பேருல நாலு பேருகிட்ட இந்த மரபணு இருக்கு. நாலு பேர். பக்கத்து நாட்டுல போன வருஷம் இதே மாதிரி எண்ணுனாங்க. அவங்களுக்கு எவ்வளவு வந்துச்சு தெரியுங்களா? மூணு. நாம அவங்களைத் தாண்டிட்டோம். இனிமே உலக மாநாட்டுல நம்ம எண்ணைச் சொல்லாம யாரும் பேச முடியாது. இது என்னோட வெற்றி இல்ல. அந்த நாலு பேரோட வெற்றி. அவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாது.”

கேள்வி கேட்கலாம் என்றார்கள். இப்படி யாராவது சொன்னால் எழுந்து நிற்கிற முட்டாள் ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். தடுப்புக்குப் பின்னாலிருந்து நான் எழுந்தேன்.

“அந்த நாலு பேருக்கு விஷயம் தெரியுங்களா?”

“அருமையான கேள்வி,” என்றார் இயக்குநர், துணியைப் பார்த்து. “தெரியாது. இந்த ஆய்வோட தரமே அதுலதான் இருக்கு.”

“இல்ல, அவங்க நல்லா இருக்காங்களான்னு…”

“எங்க பதிவுப்படி அவங்க நாலு பேரா இருக்காங்க. அடுத்த கேள்வி.”

பஸ்ஸில் வரும்போதுதான் அந்த எண் மனசில் ஓடத் தொடங்கியது. நாலு பேர். அம்மா, பெரியம்மா. நான் ஆண், எனக்கு என்ன வரப்போகிறது என்று ஒரு தைரியம் இருந்தது. ஆனால் தங்கையின் முகம் கண் முன்னால் வந்து நின்றுகொண்டு நகர மறுத்தது. மறுநாள் கடையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு நிறுவனத்துக்குப் போனேன்.

முதலில் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் ஓர் இளம் பெண். மேசை மேல் கண் துடைக்கும் காகிதம் ஒரு முழுப் பெட்டி, உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாங்க சார், உட்காருங்க. உங்க முடிவு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

அவர் முகம் வாடியது. “முடிவு தெரிஞ்சவங்களுக்குத்தான் நான் ஆறுதல் சொல்ல முடியும். முடிவை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு விதி. நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து ஒருத்தர்கூட வரல. ரெண்டு வருஷம் இதுக்காகவே படிச்சேன் சார். சில நாள் நான் எதுக்கு இங்க இருக்கேன்னே தோணுது.”

சொல்லும்போதே குரல் உடைந்தது. நான்தான் உறையைப் பிரித்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். காலம் இப்படியே இருக்காது, உங்கள் படிப்பு வீண் போகாது என்று எனக்குத் தெரிந்த அளவில் ஆறுதல் சொன்னேன். மனசு லேசாகிவிட்டதாகச் சொல்லி, என்னை இயக்குநரின் அறைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

இயக்குநர் நான் சொன்னதைத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். “உங்க வேதனை எனக்குப் புரியுது. இயக்குநரா, சொல்லிடலாம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா சங்கேத எண்ணுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு திறந்து பார்க்க, அறியாதிருக்கும் உரிமைக் காப்புக் குழு அனுமதிக்கணும். குழுத் தலைவர் ரொம்பக் கறாரான ஆளு.”

“அவரைப் பார்க்க முடியுங்களா?”

“இப்பவே பார்க்கலாமே.”

எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து ஜன்னலோரம் இருந்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். முகம் இறுகியது.

“சொல்லுங்க. என்ன விஷயமா வந்திருக்கீங்க?”

விசித்திரமாக ஏதாவது நடந்தால் எனக்கு முதல் சந்தேகம் என் மேல்தான் வரும். படித்தவர்கள் செய்வதில் ஒரு காரணம் இருக்கும் என்று, எல்லாவற்றையும் அம்மாவிலிருந்து தொடங்கி மறுபடி சொன்னேன். முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டார். இரண்டு இடங்களில் முதலில் புரியாதது இப்போது புரிந்ததுபோலவும் இருந்தது.

“உங்களுக்கு ஓர் உரிமை இருக்கு. தெரியாம இருக்கிற உரிமை. அதைக் காப்பாத்தத்தான் இந்தக் குழு.”

“அந்த உரிமை எனக்கு வேண்டாங்க.”

“வேண்டாம்னு எப்படிச் சொல்றீங்க? உங்க முடிவு என்னன்னு தெரிஞ்சாதானே, அதைத் தெரிஞ்சுக்கலாமா வேண்டாமான்னு நீங்க நிதானமா யோசிக்க முடியும்? விவரம் தெரியாம எடுத்த தீர்மானம் செல்லாது.”

“அப்ப விவரத்தைச் சொல்லுங்க, யோசிக்கிறேன்.”

“சொல்லிட்டா உங்க உரிமை போயிடுமே.”

எனக்கு இதில் எங்கோ ஒரு முடிச்சு இருக்கிறது என்று பட்டது. நுனி மட்டும் அகப்படவில்லை. அவர் எழுந்து பழைய நாற்காலிக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரிவோடு என்னைப் பார்த்தார்.

“என்ன சொன்னாரு?”

“முடியாதுன்னுட்டாருங்க.”

“எனக்குத் தெரியும். அவர் அப்படித்தான். நானே எத்தனையோ தடவை முட்டிப் பார்த்துட்டேன்.” பெருமூச்சு விட்டார். “ஒண்ணு செய்யலாம். உங்களுக்குப் பிடிக்கலன்னா ஆய்வுல இருந்து விலகிக்கலாம். எப்ப வேணா விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அந்த உரிமையை எந்தக் குழுவும் தடுக்க முடியாது.”

எனக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் சம்பந்தப்பட்ட இடத்தைத் தாண்டி, வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். அன்று எப்படியோ அந்த அறை வாசலிலேயே வந்துவிட்டது. நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி, விலகுகிறவர்களுக்கான கவுன்ட்டரில் போய் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு ரொட்டிக்கடைக்காரர் நின்றார். ஊசி குத்திய இடம் இன்னமும் அரிக்கிறது, அதனால் விலகுகிறேன் என்றார். கவுன்ட்டரில் இருந்த பெண் அவருடைய எண்ணைக் கணினியில் தட்டினாள், புன்னகைத்தாள், “ஆயிடுச்சு சார், இதுவரைக்கும் ஒத்துழைச்சதுக்கு நன்றி,” என்று ஒரு சாவிக்கொத்தைப் பரிசாகக் கொடுத்தாள். மனிதர் விசிலடித்துக்கொண்டே போனார்.

நான் என் எண்ணைச் சொன்னேன். தட்டினாள். திரையைப் பார்த்தாள். புன்னகை பாதியில் நின்றது.

“கொஞ்சம் உட்காருங்க சார்,” என்று உள்ளே ஓடினாள்.

தேநீர் வந்தது, தட்டோடும் கரண்டியோடும். பிறகு ஆய்வின் கணக்கைப் பார்க்கிற புள்ளியியல்காரர் வந்தார். மெலிந்த மனிதர், வியர்த்திருந்தார். அவருக்குப் பின்னாலேயே இயக்குநர், படிகளில் இறங்கி ஓடிவந்த மூச்சோடு.

“நீங்க விலகக் கூடாது,” என்றார்.

“நீங்கதானே விலகலாம்னு சொன்னீங்க.”

“பொதுவாச் சொன்னேன். உங்களை யாருன்னு அப்போ… இப்பவும் எனக்குத் தெரியாது. ஆனா உங்களை மாதிரி ஓர் ஆள் போனா இந்த ஆய்வே ஆடிப்போயிடும்.”

“மாநாடு அடுத்த மாசம் சார்,” என்றார் புள்ளியியல்காரர் என்னைப் பார்த்துக் கெஞ்சலாக. “நீங்க போனா பக்கத்து நாட்டுக்காரனும் நாமும் சமமாயிடுவோம்.”

“இப்ப ரொட்டிக்கடைக்காரர் போனாரே, அவரை ஒண்ணும் சொல்லலியே?”

“அவங்கல்லாம் கூட்டம் சார்,” என்றார் இயக்குநர். “வருவாங்க, போவாங்க. நீங்க அப்படியா? உங்களை மாதிரி ஆளு கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்குத்தான் தெரியும்.”

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சட்டைகளைக் காவல் காத்தவனைப் பார்த்து ஓர் இயக்குநர் மூச்சிரைக்க நின்று கெஞ்சுகிறார். நான் காலை நீட்டி உட்கார்ந்து, யோசிப்பதுபோல ஜன்னலைப் பார்த்துவிட்டு, சரி, இருக்கிறேன் என்றேன். கையெழுத்து ஓரிடத்தில் போடச் சொன்னார்கள். நான் இரண்டு இடத்தில் போட்டேன். தேநீரைக் குடித்து முடித்த பிறகு, என்னைத் தெரியாது என்று சொன்ன இயக்குநர் சுழலும் கதவுவரை வந்து கைகொடுத்து அனுப்பினார்.

வீட்டில் மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கெஞ்சிய இடத்தை இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவையில் இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டதாகவும் சேர்த்தேன்.

தேய்ப்புப் பெட்டி நின்றது.

“பக்கத்து நாட்டுல எத்தனைன்னு சொன்னீங்க?”

“மூணு.”

“நம்மளது?”

“நாலு.”

“ரொட்டிக்கடைக்காரர் போனதுக்கப்புறமும் நாலுதானே?”

“ஆமா. அவரெல்லாம் கூட்டம்.”

“நீங்க போனா மட்டும் சமமாயிடுமா?”

“அதைத்தான் சொல்றேன். என்னோட முக்கியத்துவம் உனக்கு இப்பத்தான்…”

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பகலில் அவள் அப்படி என் அருகில் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். என் கை மேல் கை வைத்தாள். அவள் கை சூடாக இருந்தது. அந்தச் சூடு ஏறுகிற வேகத்தில்தான் எனக்கும் விஷயம் ஏறியது. நாலில் ஒன்றைக் கழித்தால் மூன்று. மெத்தைக் கடையில் தள்ளுபடிக் கணக்கெல்லாம் மனசிலேயே போடுகிறவன் நான்.

“நான் ஆம்பளை,” என்றேன்.

“உங்க அம்மா பெத்தப்ப ஆம்பளைப் பிள்ளைன்னு பார்த்து எதையும் பிடிச்சு வச்சுக்கலையே.” குரலில் கேலி இல்லை. “உங்க தங்கச்சிகிட்ட சொல்லணுங்க.”

தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். ஒரே கார், ஒரே ஆசிரியை. எனக்கு நேர் எதிர், எதற்கும் அசையமாட்டாள். அவளிடம் போனில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை குழாய் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார், நான் மெத்தை விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். கடைசியில், எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடு என்று கேட்டேன். அப்போதாவது தனியாக இருக்கலாம்.

“இந்த வயசுல எதுக்குண்ணா?” என்றாள். “சரி, வா.”

ஊருக்கு வெளியே நீளமான நேர் சாலை ஒன்று இருந்தது. என்னை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, அவள் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருந்த தனி பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார் விக்கிக்கொண்டே போனது.

“கிளட்ச்சை மெதுவா விடுண்ணா. பயப்படாத, நான் இருக்கேன்.”

அவள் ‘நான் இருக்கேன்’ என்றதும் எனக்குத் தாங்கவில்லை.

“அம்மாவுக்கு வந்தது எனக்குள்ள இருக்குதாம்,” என்றேன் சாலையைப் பார்த்தபடி. “நோய் இல்ல, அதோட விதை மாதிரி. அவங்க சொல்லல, ஆனா சொல்லிட்டாங்க. உனக்கும் இருக்கலாம். பாதிக்குப் பாதி.”

கார் நின்றது. நான் எதையும் மிதிக்கவில்லை. பின்னால் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

“முதல்ல இண்டிகேட்டரைப் போடு,” என்றாள். “ஓரங்கட்டு.”

ஓரங்கட்டினேன். அதுவரை நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான் என்று பிறகு சொன்னாள். அப்போது முன்கண்ணாடியில் ஒரு பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது. அது மேல் விளிம்புக்குப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பல வருஷமா குளிக்கிறப்பெல்லாம் தேடிப் பார்த்துட்டுத்தாண்ணா இருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர்கிட்டகூட.”

“டாக்டர்கிட்ட போயிருக்கலாமே.”

“போய் என்னன்னு சொல்றது? ஒண்ணுமில்ல, பயமா இருக்குன்னா?”

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வழி முழுக்க அந்த இன்னொரு பிரேக்கில் காலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன். இரண்டு தடவை கார் நின்றுபோனது. திட்டாமல் மறுபடி கிளப்பினாள்.

ஒரு சாதாரண மருத்துவமனைக்குப் போனோம். முகம் தெரியும் தரை இல்லை. நாற்காலிகளில் பாதிக்கு முதுகு இல்லை. டாக்டர் அம்மா எங்கள் பெயரைக் கேட்டார், பிறகு வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அம்மா, பெரியம்மா என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவ்வளவு போதும், ரெண்டு பேருக்கும் டெஸ்ட் பண்ணிடலாம். இத்தனை வருஷமா இதை ஒருத்தரும் உங்ககிட்ட கேட்கலையா?”

“நானா ஒரு இடத்துல சொல்லப் பார்த்தேன் டாக்டர். காதைப் பொத்திக்கிட்டாங்க.”

இருவரிடமும் இருந்தது. எனக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருடா வருடம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். தங்கையின் இடது மார்பில், குளியலறையில் எத்தனை வருடம் தேடினாலும் விரலுக்கு அகப்பட்டிருக்காத ஆழத்தில், பட்டாணியில் பாதிகூட இல்லாத ஒன்று இருந்தது. சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை நடந்தபோது வெளியே இருந்த பெஞ்சில் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தோம். பேச ஏதாவது வேண்டுமே என்று, நோயாளிகளுக்குப் போட்டிருக்கும் மெத்தை தரமற்றது, நான்கு விரல்கடை கனம்கூட இல்லை என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், கடைசிவரை கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு மருந்து, முடி கொட்டியது, வாந்தி. ஒரு மழைக்காலம் முழுக்க அவளுடைய கார் வாசலில் சும்மா நின்றது. பிறகு மெல்லத் தேறினாள். இடது கையை முழுசாக உயர்த்த முடியாது என்பதைத் தவிர, பழைய ஆளாகவே வண்டியில் போய் உட்கார்ந்தாள்.

உலக மாநாட்டில் நான்கு என்ற எண்ணுக்கு நல்ல வரவேற்பு கிடைத்ததாகச் செய்தித்தாளில் வந்தது. அடுத்த கட்டமாக, அந்த மரபணுக் கோளாறு உள்ளவர்களின் குடும்பங்களை நிறுவனம் ஆராயத் தொடங்கியது. மருத்துவமனை வழியாகத் தங்கைக்கும் அழைப்பு வந்தது. வர முடியாது என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நேரில் போய்ச் சொல்லலாம் என்றாள். கூடப் போனேன். வரவேற்பறையில் என்னைப் பார்த்து இயக்குநர் திடுக்கிட்டார்.

“நீங்க எங்க இங்க?”

“துணைக்கு வந்தேங்க.”

“யாருக்கு?”

“அதைச் சொல்லலாமான்னு தெரியலீங்க.”

அவர் அதை மிகவும் சரி என்று ஆமோதித்தார். தங்கை அவரை உட்காரச் சொன்னாள்; ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பேசும் அதே குரல்.

“ரத்தம் தரேன் சார். அந்த நாலு பேருல ஒருத்தருக்கு இப்பத் தெரிஞ்சிருக்கும்னு வச்சுக்குங்க. மத்த மூணு பேரையும் கூப்பிட்டுச் சொல்லுங்க. சொன்ன அன்னைக்கு வந்து தரேன்.”

“உங்க உணர்வு எனக்குப் புரியுதும்மா. குழு பரிசீலிக்கும்.”

“எப்ப பரிசீலிக்கும்?”

“மூணு பேருல யாராவது வந்து எழுத்துமூலமாக் கேட்டா.”

“அவங்களுக்குத்தான் தெரியாதே.”

“அதனால அவசரம் இல்லைன்னு குழு நினைக்குது.”

தங்கை எழுந்து கைப்பையை வலது தோளில் மாட்டிக்கொண்டாள். வெளியே வந்து காரில் ஏறினாள். ஏறிய பிறகு, சாவியைத் திருகாமல், “மூணு பேருண்ணா,” என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? இப்போது கடையில் யாராவது மெத்தை மேல் படுத்துப் பார்த்தால், ஸ்பிரிங்கைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லிவிட்டு, அம்மா நல்லா இருக்காங்களா, அம்மா கூடப் பிறந்தவங்க, அப்பா கூடப் பிறந்தவங்க எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிறேன். பாதிப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒருவர் என்னைக் கல்யாணத் தரகர் என்று நினைத்துத் தன் மகனின் படிப்பைச் சொன்னார். முதலாளி அந்த வராத ஆளைப் பற்றி முன்பைவிட அடிக்கடி பேசுகிறார்.

போன வாரம் முப்பது வயது இருக்கும், ஒரு பெண் வந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். கடையிலேயே விலை அதிகமான மெத்தையில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். முதலாளி தூரத்திலிருந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். நான் ஸ்பிரிங்கைப் பற்றிச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

அவள் எழவில்லை. கண்ணைத் திறந்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

“சித்திக்கு மார்புல வந்துச்சு,” என்றாள். “அப்புறம் அம்மாவுக்கு. ஏன் கேக்கறீங்க?”

நான் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தேன்.